எழுபது வளைவுக்கு மேலே ஒரு சமையற்கட்டு

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து ஏறி இறங்கும் வண்டிகளைப் பார்த்தால் போதும், கொல்லிமலையின் வரவு செலவு தெரிந்துவிடும். மேலே போவது அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பாக்கெட் பால், பிராய்லர் கூண்டு, முட்டை அட்டை, மைதா, தண்ணீர் பாட்டில். கீழே வருவது மரவள்ளிக் கிழங்கு, மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழைத்தார், சில்வர் ஓக் மரம். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மழை உண்டு, ஓடை உண்டு, எதைப் போட்டாலும் முளைக்கிற மண் உண்டு. இருந்தும் அந்த மலை தன் சோற்றைச் சமவெளியில் வாங்கித் தின்கிறது.

மலை மேல் சபையார் நடத்தும் விருந்தினர் இல்லம் ஒன்றுக்காக இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன். தியான முகாமுக்கு வரும் வாலிபர்கள், ஓய்வெடுக்க வரும் போதகர்கள், பிள்ளைகுட்டிகளோடு வரும் குடும்பங்கள் என்று கூட்டமான நாளில் 40 பேர் பந்தியில் உட்காருவார்கள். கூரையில் சோலார் போடலாமா என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. தாராளமாகப் போடலாம். அந்தக் கரண்டை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் என் கேள்வி. வெந்நீருக்கும் வாசல் விளக்குக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. அதற்கு வர, வாழவந்தி என்ற மலைக் கிராமம் வழியாகக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

*

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி. 1913இல் ஈவ்லினை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். அடுத்த ஆண்டு பிறந்த மகன்தான் பால் பிராண்ட். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர்.

வாழவந்தியில் அவர்கள் இருந்தது மரவீடு. கரையான் ஏறாதபடி கல் தூண்களின் மேல் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து, அதன் மேல் எழுப்பிய வீடு. கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுத்தார். தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பழமரங்களை நட்டார். சுவிசேஷத்தையும் மண்வெட்டியையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. 1929இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். ஈவ்லின் அதற்குப் பிறகும் மலையை மறக்கவில்லை. ஊழியத்திலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் மட்டக்குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். 1974இல், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மலை மேல் ஒரு கிறிஸ்தவ வீடு எப்படி வாழ வேண்டும் என்று யோசிக்கும்போது இதைவிட்டு வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரு பொருள் வர வேண்டுமென்றால் ஒரு மனிதர் தலையில் சுமந்து ஏற வேண்டும். எது அவசியம், எது அவசியமில்லை என்ற கணக்கு அந்தச் சுமையிலேயே தீர்ந்துவிடும். ரோடு வந்த பிறகு யார் தலையும் வலிப்பதில்லை. கணக்குப் பார்க்கும் வழக்கமும் நின்றுபோனது.

*

பால் பிராண்ட் வயதான காலத்தில் ஒரு கைப்பிடிச் சேற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய மருத்துவப் புத்தகங்களைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்களோ. மலைப் பையன்களோடு சேர்ந்து, சின்னப் பையனாக, படிப்படியாக இறங்கும் நெல் வயலில் தவளை பிடித்து விளையாடிய நாள். நாற்று மிதிபடுகிறது, தண்ணீர் கலங்குகிறது, கலங்கல் வரப்பைத் தாண்டி அடுத்த படிக்கு வழிகிறது. வாய்க்காலையும் வரப்பையும் பார்த்துக்கொள்ளும் தாத்தா ஒருவர் வருகிறார். பையன்கள் நடுங்குகிறார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்கிறார். இந்தச் சேறு இங்கே இருக்கும்வரை வருஷா வருஷம் சோறு கிடைக்கும், கலங்கிக் கீழே போன சேறு மறுபடி மலை ஏறி வராது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தப் பாடம் பிராண்டை விடவேயில்லை. லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, பக்கத்தில் ஓடும் மிசிசிப்பி பழுப்பு நிறத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, கொல்லிமலைத் தாத்தாவைத்தான் நினைத்தார். மண்ணைப் பற்றிய கொள்கையை மாற்ற முடியுமென்றால் மருத்துவத்தை நாளைக்கே விட்டுவிடத் தயார் என்று எழுதினார். விரல்களை நிமிர்த்தி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பைத் திருப்பிக் கொடுத்த ஒரு வைத்தியர் அப்படி எழுதினார். அதைப் படித்த நாளிலிருந்து, மழைக்குப் பின் ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்காமல் நான் மலை இறங்குவதில்லை.

*

ஐப்பசியில் ஓடை சிவந்து ஓடுவதற்கு மரவள்ளி ஒரு முக்கியக் காரணம். சரிவில் நட்டுப் பத்து மாதம் கழித்துப் பிடுங்கும்போது, கிழங்கோடு மண்ணும் பிளந்து பொலபொலவென்று கிடக்கும். அடுத்த மழை அதை வழித்துக்கொண்டு போய்விடும்.

மலைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கீழே சேலம், நாமக்கல், ஆத்தூர், ராசிபுரம் என்று சுற்றிலும் சேகோ ஆலைகள். ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் இங்கே இருப்பது போன்ற சந்தை நாட்டில் வேறெங்கும் இல்லை. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கமே உண்டானது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்தக் காசுதான்.

ஆனால் ஒரே பயிரை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை மாவுப்பூச்சி காட்டிக்கொடுத்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட பூச்சி, சேலம் நாமக்கல் வயல்களுக்கு வந்து கிழங்கை நாசம் பண்ணியது. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். குளவி நன்றாக வேலை செய்கிறது, நல்லது. மலைக் குடும்பத்துக்கு அந்த இடைவெளியில் தாங்குவதற்கு வீட்டுக் குதிரில் தானியம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

*

குதிரில் இருந்தது சாமை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுளச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் அரிசிக் கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு மழை, ஒரு நாள் கணக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் தங்கி இந்த ரகங்களைத் தேடி எடுத்து, விதை வங்கி வைத்து, மலையாளி என்ற மலைப் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியது. ஊர் ஊராகக் கிடைத்த கைப்பிடி விதைகளைச் சேர்த்து வைக்காமல் போயிருந்தால், இந்தப் பெயர்கள் கிழவிகளின் வாயோடு போயிருக்கும்.

சாமை ஏன் போனது என்று கேட்டால் இரண்டு பதில் உடனே வரும். கிழங்கில் காசு அதிகம்; ரேஷனில் அரிசி கிடைக்கிறது. இரண்டும் உண்மை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பசித்துக் கிடந்த வீடுகளில் அந்த அரிசி உலை வைத்தது. அதை ஒரு குறையாகச் சொல்லுகிறவர்கள் பசியை அறியாதவர்கள்.

மூன்றாவது பதிலை ஆண்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லத்தின் சமையற்கட்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “உலக்கைக்குப் பயந்துதான் சார் சாமைய உட்டோம். கெழங்குன்னா புடுங்கி லாரில ஏத்திட்டா முடிஞ்சுதுங்க. சாமைய யாரு குத்தறது?”

*

சாமை குத்துவதை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை மறக்க மாட்டார்கள். தானியம் கடுகைவிடச் சற்றுப் பெரியது. மேலே பளபளவென்று வழுக்கும் உமி, அரிசியோடு ஒட்டிக்கொண்டு விடவே விடாது. முதலில் வெயிலில் நன்றாகக் காய வேண்டும். பாறைக் குழியிலோ கல் உரலிலோ கொட்டி, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். பிறகு முறத்தில் புடைத்தால் உமி கொஞ்சம் பறக்கும். உடையாத மணி மறுபடி உரலுக்குப் போகும். மறுபடி குத்து, மறுபடி புடை. கடைசியில் தண்ணீரில் போட்டுக் கல் அரிக்க வேண்டும். வயலில் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த கைகள், ராத்திரிச் சோற்றுக்காக இதைச் செய்தன. பத்து கிலோ சாமையைக் குத்தினால் அரிசி ஆறு கிலோவை ஒட்டித்தான் தேறும். வீட்டில் ஐந்து பேர் என்றால் எத்தனை ராத்திரிக்கு வரும்?

நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில் வந்தது. கேழ்வரகை மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். சாமைக்கும் தினைக்கும் அவற்றின் அளவுக்கேற்ற எந்திரம் ரொம்ப நாள் வரவில்லை. இந்தப் பயிரின் பின்னடைவுக்குப் பாதிக் காரணம் விலை என்றால் மீதிப் பாதி இந்த எந்திரம் இல்லாததுதான். சுவாமிநாதன் நிறுவனம் மலைக் கிராமங்களில் சிறிய உமி நீக்கும் எந்திரங்களை வைத்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டபோதுதான் சாமை சில வீடுகளுக்குத் திரும்பியது. விதை வங்கிக்குக் கிடைத்த பெயர் அந்த மோட்டாருக்குக் கிடைக்கவில்லை. என் கணக்கில் இரண்டும் சமம்.

கரண்டும் சாப்பாடும் இரண்டு தனித் தலைப்புகள் இல்லை என்று கமிட்டிக்கு நான் சொல்ல நினைப்பது இதனால்தான். கையால் குத்த முடியாமல் போன ஒரு தானியம், எந்திரம் இல்லாததால் மலையில் பல வீடுகளை விட்டே போனது. மலையிலுள்ள ஒரு இல்லம் தன் கூரை வெயிலைக் கொண்டு செய்யக்கூடிய முதல் காரியம், அந்த உலக்கையை ஒரு பெண்ணின் கையிலிருந்து வாங்கி வைப்பது.

*

கணக்கு. தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் தகடு, வருஷச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். இடம் 300 சதுர அடி போதும். மலையில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் மூட்டமும் இருக்கும், அப்போது குறையும். சாமை உடைக்கும் சிறு எந்திரம் மணிக்கு 100 கிலோ வரை உடைக்கும். அதற்கு 2 எச்.பி. மோட்டார் தாராளம், ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்டை இழுக்கும் என்பதால், அதைத் தாங்கும் இன்வெர்ட்டரோ, மெதுவாகக் கிளப்பும் கருவியோ வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

இல்லத்துக்கு என்ன தேவை? ஒரு வேளைக்கு 40 பேருக்குச் சாமைச் சோறு போட 4 கிலோ அரிசி. வருஷத்தில் 150 நாள் ஒரு வேளை என்று வைத்தால் 600 கிலோ. உமியோடு ஒரு டன். அதாவது எந்திரத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. மீதி நாளெல்லாம் எந்திரம் சும்மா நிற்கலாமா? சுற்று வட்டத்து ஊர்ப் பெண்கள் தங்கள் சாமையைக் கொண்டுவந்து உடைத்துக்கொண்டு போகட்டும். கூலி வாங்கக் கூடாது என்பது என் எண்ணம்; பராமரிப்புக்கு வேண்டுமானால் உமியும் தவிடும் இல்லத்து மாட்டுக்கு இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது. உடைத்த அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் காறிப்போகும். கடையில் பாக்கெட்டில் வாங்கும் சாமை சில சமயம் கசப்பதற்கு இதுதான் காரணம். எந்திரம் பக்கத்தில் இருந்தால் வாரத்துக்கு வேண்டியதை வாரா வாரம் உடைத்துக்கொள்ளலாம். ஊறவைத்த சாமை கால் மணி நேரத்தில் வெந்துவிடும் என்பதால் அடுப்புச் செலவும் அரிசிச் சோற்றைவிடக் குறைவு.

வீடுகளுக்கு 2024இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. சபை இல்லத்துக்கு அது பொருந்தாது. காணிக்கையில்தான் செய்ய வேண்டும். ஒரு நினைவுப் பீடத்துக்கும் ஒரு ஆர்ச்சுக்கும் பணம் தருகிறவர்கள் ஒரு சாமை எந்திரத்துக்கும் தருவார்கள் என்று நம்புகிறேன். ஆர்ச்சில் பெயர் பொறிப்பதைப் போல எந்திரத்திலும் பொறித்துக்கொள்ளட்டும்.

*

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக எழுதிவைத்த ஒழுங்கில், வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாக எண்ணி வரவேற்கச் சொல்லும் அதிகாரம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு அதிகாரம்: மடத்துக்குள்ளேயே தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. தோட்டத்தை எல்லா ஆசிரமங்களும் வைத்துக்கொண்டன. ஆலையை மறந்துவிட்டோம்.

ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்னார்டு கணவாய்ச் சத்திரம் ஏறத்தாழ ஆயிரம் வருஷமாக வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுகிறது. அங்கே மரம்கூட வளராது. விறகிலிருந்து எல்லாமே கீழேயிருந்து சுமந்து போக வேண்டும், வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது. வாசலைத் தாண்டினால் அவரைப் பந்தல், பரங்கிக் கொடி, பலா. இருந்தும் சுமந்து கொண்டுபோகிறோம்.

*

அடுப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர், கூட்டமான மாதத்தில் வரிசையாக ஏறுகிறது. சாண எரிவாயுவைப் பற்றிச் சபைக் கூட்டங்களில் பேசினால் பழைய காலத்துப் பேச்சு என்று முகம் சுளிக்கிறார்கள். நம் ஊரெங்கும் தரைக்கடியில் கட்டப்பட்ட குவிமாட வடிவ ‘தீனபந்து’ கலன், 1984இல் அஃப்ப்ரோ (AFPRO) என்ற அமைப்பு வடிவமைத்தது. அந்த அமைப்பு 1966இன் பஞ்ச காலத்தில் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கத் திருச்சபைகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டாக்கியது. நம் வீட்டுப் பிள்ளை அது. நாம்தான் மறந்தோம்.

2 கன மீட்டர் கலனுக்கு நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும், ஐந்து மாடு. கிடைக்கும் வாயு 900 கிராம் கேஸுக்குச் சமம். மாதத்துக்கு 27 கிலோ. ஒன்றரை வணிக சிலிண்டரை ஒட்டி. முழுச் சமையலுக்கும் போதாது. காலை காப்பி, இட்லி, பால் காய்ச்ச வரும். மார்கழிக் குளிரில் வாயு இன்னும் குறையும், அதையும் சொல்லியே தொடங்க வேண்டும். ஆனால் கலனிலிருந்து வழியும் சாணக் கரைசல் இருக்கிறதே, என் கண்ணுக்கு அதுதான் பெரிய லாபம். மண்ணை இழந்துகொண்டிருக்கும் சரிவில் அதை ஊற்ற ஊற்ற மண் கூடும்.

வெந்நீருக்கு சோலார் ஹீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டம் கவிந்த நாளில்தான் விருந்தாளிக்கு வெந்நீர் அதிகம் வேண்டும். அன்றுதான் அது ஆறிக் கிடக்கும். காப்பிச் செடியைக் கவாத்து பண்ணிய குச்சி, மழைக்கு முன் நிழல் மரங்களில் கழித்த கிளை, இரண்டும் வருஷா வருஷம் தோட்டத்திலேயே விழுகின்றன. புகைபோக்கி வைத்த செம்பு பாய்லரில் அவை எரியட்டும். காட்டு விறகு ஒரு சுள்ளிகூட வாங்கக் கூடாது.

இதற்கு மேல் பெரிய கரண்ட் வேண்டுமென்றால், இந்த மலையின் ஓடைத் தண்ணீரை வைத்தே 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை மின்வாரியம் கையில் எடுத்தது. அது ஊருக்கானது. இல்லத்தின் பேச்சு 3 கிலோவாட்டோடு நின்றுகொள்ளட்டும்.

*

முட்டை. நாமக்கல்லிலிருந்து வருவதால் உள்ளூர் உணவு என்று கணக்கில் எழுதியிருந்தார்கள். நாமக்கல் கோழி மக்காச்சோளத்தையும் சோயாவையும் தின்கிறது. மக்காச்சோளம் கர்நாடகம், ஆந்திரம், பீகார் என்று எங்கெங்கிருந்தோ வருகிறது. சோயா மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும். முட்டை பக்கத்தில் இடப்படுகிறது, அவ்வளவுதான். என் மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழில் அது, அதை மதிக்கிறேன். புதுச்சத்திரம் பக்கம் கோழி எருவிலிருந்து வாகனங்களுக்கு அழுத்திய உயிரி எரிவாயு எடுக்கும் ஆலை வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனாலும் மலை மேல் சமையற்கட்டுக்குப் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி முட்டைதான் சரி. தினமும் 40 பேருக்குக் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அந்த ஒரு நாள் முட்டை.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப். கொல்லிமலைக்கு வருகிற எல்லோரும் கேட்பது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு அது. யாரும் பயிரிடுவதில்லை, காட்டிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். வாரக் கடைசியில் வரும் கூட்டத்துக்கெல்லாம் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? உள்ளூர்ப் பொருள் என்பதற்காக மட்டும் ஒன்றை வாங்கலாம் என்றாகிவிடாது. அதை உணவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கொள்ளு ரசம் மிளகு போட்டுக் கொடுத்தால் போதும், மலைக் குளிருக்கு அதுவே இதம்.

தண்ணீர் பாட்டில்: ஆகாய கங்கை அருவி விழுகிற மலைக்குப் பாட்டில் தண்ணீரை லாரியில் ஏற்றுவது வெட்கம். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சிச் செம்புக் குடத்தில் வைத்தால் தீர்ந்தது.

*

குரிசுமலை. கேரளத்தில் வாகமன் பக்கம், 1958இல் பெல்ஜியத்துத் துறவி பிரான்சிஸ் ஆச்சாரியாவும் இங்கிலாந்துத் துறவி பீட் கிரிஃபித்ஸும் தொடங்கிய ஆசிரமம். வெறும் புல்மேடு. அந்த மலைக்குப் பொருந்துவது மாடுதான் என்று கண்டு பால் பண்ணை வைத்தார்கள். துறவிகள் தாங்களே பால் கறந்து, விற்று, அந்த வருமானத்தில் வாழ்ந்தார்கள். சுற்றியுள்ள குடும்பங்களும் மாடு வளர்க்கக் கற்றுக்கொண்டன. வருகிற விருந்தாளிக்கு அந்தப் பாலும் மரக்கறிச் சோறும். அங்கே மாடு பொருந்தியது என்பதற்காக இங்கேயும் அதையே நகல் எடுக்க வேண்டாம். மலையைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுத்த அந்த முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லிமலைக்குச் சாமை, அவரை, மிளகு, காப்பி, பலா.

கிரிஃபித்ஸ் 1968இல் குளித்தலை பக்கம் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே தங்க வருகிறவர்கள் காலையில் சேர்ந்து உட்கார்ந்து காய் நறுக்குவது வழக்கம். இல்லத்திலும் இதைச் செய்யலாம். சாமையில் கல் அரிப்பதை வாலிபர் முகாம் பையன்கள் ஒரு வேளை செய்தால், தட்டில் மிச்சம் வைப்பது தானாகக் குறையும்.

*

அறுப்பின் பண்டிகை. சமவெளிச் சபைகளில் காணிக்கைப் பொருள் ஏலத்துக்கு வருவது ஊட்டி காலிஃபிளவர், காஷ்மீர் ஆப்பிள், கடையில் வாங்கிய கேக். மலைச் சபையிலும் அதேதான். யாருடைய அறுப்பு அது? பீடத்தின் முன் உமியோடு ஒரு மரக்கால் மல்லியச் சாமை இருக்க வேண்டும், அதை விளைவித்த குடும்பம் கையில் பிடித்து நிற்க வேண்டும். ஏலம் போன சாமையை விதைக்கு எடுத்து வைக்கலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை வைக்கவும் சொல்லப்போகிறேன். இன்றைய சோறு எந்த நாட்டில் விளைந்தது என்று எழுதுவதற்கு. நாடு என்றால் இங்கே மலைக்குள்ளேயே இருக்கும் ஊர்த் தொகுதி: வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு. ஆள் பெயர் வேண்டாம், அது காட்சிப்பொருளாக்கிவிடும்.

விருந்தாளிகள் பிரியாணி கேட்பார்கள் என்று சமையற்கட்டில் ஒரு பயம் இருக்கிறது. கேட்கட்டும். சாமையில் சீரகம், மிளகு, மலை அவரை போட்டு அந்த அக்கா செய்யும் சோற்றை முதல் வேளையே பரிமாறினால், இரண்டாம் வேளை யாரும் பிரியாணி கேட்பதை நான் பார்த்ததில்லை.

*

விலை. எல்லாம் இதில்தான் நிற்கும். சாமை விதைப்பு ஆனி, ஆடியில். அறுத்த பிறகு போய் விலை பேசினால், அந்தக் குடும்பம் அதற்கு முன்பே கிழங்குக் குச்சியை நட்டிருக்கும். விதைப்புக்கு முன்பே, சித்திரையில், ஐந்தாறு குடும்பங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு டன்னுக்கு மலை விளைச்சலில் மூன்று ஏக்கர் பக்கம் ஆகும்; ஒரு குடும்பம் அரை ஏக்கர் ஒதுக்கினால் போதும், மீதியில் கிழங்கு இருக்கட்டும். சரிவான பக்கத்தைச் சாமைக்கும் சமமான பக்கத்தைக் கிழங்குக்கும் விடச் சொல்லிக் கேட்கலாம். விலை, அந்த அரை ஏக்கரில் கிழங்கு போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக மலைச் சாமை வாங்குவதாக இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பாதி முன்பணம் விதைப்புக்கு முன். பணம் வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மழை பொய்த்து விளையாமல் போனால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.